'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு சொல்றாரா ஆன்லைன் நண்பர்? கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்னென்ன?

திண்டுக்கல்லில் இருந்து ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், பழநி, உடுமலை என்று நீளும் அதே சாலையில்தான் பொள்ளாச்சியும் இருக்கிறது. 2019-ல் தமிழ்நாட்டையே உலுக்கிய பாலியல் வழக்கு நடந்த ஊர். அதனால், "இதெல்லாம் சிட்டியில நடக்கிறது, நம்ம பக்கம் வராது" என்று இருந்துவிட முடியாது.

பொள்ளாச்சியில் என்ன நடந்தது?

சமூக வலைதளங்களில் நட்பாகப் பேசி நம்பிக்கையைப் பெறுவது, தனியாக வரச் சொல்வது, வீடியோ எடுப்பது, அதைக் காட்டியே மீண்டும் மீண்டும் மிரட்டுவது. இதுதான் அந்தக் கும்பலின் வழி. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி புகார் கொடுத்த பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. 2025 மே 13-ம் தேதி, கோவை மகளிர் நீதிமன்றம் 9 பேருக்குச் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

நாகர்கோவில் காசி வழக்கிலும் கிட்டத்தட்ட இதே பாணிதான். 2020-ல் கைதான காசிக்கு, 2023 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* பழகிய சில நாளிலேயே காதல், கல்யாணம் என்று பேச்சு வேகமாகப் போகும்.
* "நம்ம விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்" என்பார். முக்கியமான அறிகுறி இதுதான். உங்களைத் தனியாளாக்கினால்தான் அடுத்த வேலை நடக்கும்.
* போட்டோ கேட்பார். மறுத்தால், "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்படுவார்.
* வீடியோ காலில் முகம் காட்ட ஏதாவது காரணம் சொல்லித் தட்டிக்கழிப்பார்.
* திடீரென ஆஸ்பத்திரி செலவு, கஸ்டம்ஸ்ல மாட்டிய பரிசு, 'டபுள்' ஆகும் முதலீடு என்று பணப் பேச்சு வரும்.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

பணம் கொடுக்காதீங்க. ஒருமுறை கொடுத்தா, மறுபடியும் கேட்பாங்க. சாட்டை அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. போன் நம்பர், ஐடி, பணம் அனுப்பிய விவரம் எல்லாமே ஆதாரம். அப்புறம் பிளாக் பண்ணுங்க.

பணம் போயிருந்தா, உடனே 1930-க்கு போன் பண்ணுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்த அளவுக்குப் பணத்தை முடக்கி வைக்க வாய்ப்பு அதிகம். மத்திய அரசின் சைபர் கிரைம் இணையதளத்துல, பெண்கள், குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படம், வீடியோ குறித்துப் பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். பெண்கள் உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

உள்ளூர் ஸ்டேஷன்ல தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு தயக்கமா? வேற ஊர் ஸ்டேஷன்லயும் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது சட்டம்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

பிள்ளை வந்து சொன்னால், "ஏன் அவன்கிட்ட பேசினே?" என்று ஆரம்பிக்காதீங்க. மிரட்டுபவர் நம்பியிருப்பதே அந்தத் திட்டுக்கான பயத்தைத்தான். "சொன்னது நல்லதாப் போச்சு, வா பார்த்துக்கலாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டால், மிரட்டலின் பாதி பலம் அங்கேயே போய்விடும்.