முதுகைக் கேட்கப் போனால் இதயம் பேசுகிறது!

வா, என் குட்டி விஞ்ஞானியே! உன் முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தடவிப் பார். நீளமாக ஒரு தசை தட்டுப்படுகிறதா? அது வேலை செய்யும்போது மெல்லிய மின்சாரம் உண்டாகும். தோலில் மின்முனைகளை ஒட்டினால், அதைத் திரையில் கோடாகப் பார்க்கலாம்.

ஆனால் அந்தக் கோட்டில் ஏறத்தாழ நொடிக்கு ஒருமுறை ஒரு முள் எழும்பும். யார் அது? சரியாகச் சொன்னாய், இதயம்! அதுவும் தசைதானே. அதன் மின்சாரம் உடம்பின் உப்புநீர் வழியே முதுகுக்கும் வந்துவிடுகிறது.

"வந்தால் என்ன குறை?" என்கிறாயா? நல்ல கேள்வி. 1951இல் பிரிட்டனில் ஃபிளாய்ட், சில்வர் என்ற இருவர் ஒரு விந்தையை எழுதினார்கள். நாம் முழுதாகக் குனிந்ததும் முதுகுத் தசை கப்சிப் ஆகிவிடுமாம்! எலும்புகளை இணைக்கும் நார்கள் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. நாள்பட்ட முதுகுவலி உள்ள பலருக்கு இந்த ஓய்வு வருவதில்லை. ஆக, தசை சும்மா இருக்கிறதா என்பதே இங்கே செய்தி. அப்போது பார்த்து இதயம் துள்ளினால், சும்மா இருக்கும் தசையும் உழைப்பதாகக் கணக்காகிவிடும். புரிகிறதா?

சரி, எப்படி நீக்குவது? தெருமுனையில் பெரிய மேளம் 'தும்… தும்…' என்கிறது. நீயோ மழையின் சலசலப்பைக் கேட்க நினைக்கிறாய். மேளம் இதயம், மழை தசை.

மேளத்தின் ஒலி தாழ்ந்தது. இதய மின்னலையின் பெரும்பகுதியும் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான், அதாவது நொடிக்கு 30 அதிர்வுக்குள். தசையின் அலை சுமார் 20 முதல் 500 வரை பரவியிருக்கும். எனவே 30க்குக் கீழுள்ளதை வடிகட்டிவிடலாம். 2006இல் ட்ரேக், கல்லகன் என்ற ஆய்வாளர்கள் பல வழிகளை ஒப்பிட்டு இதைத்தான் பரிந்துரைத்தார்கள். "அப்போது தசையின் பங்கும் கொஞ்சம் போகுமே?" கெட்டிக்காரப் பிள்ளை! போகத்தான் செய்யும்.

எனக்கு அதிகம் பிடித்தது இன்னொரு வழி. மேளத்தின் அடி ஒவ்வொன்றும் ஒரே மாதிரி. மழை அப்படியா? நெஞ்சில் தனி மின்முனை ஒட்டி, இதயம் துடிக்கும் நேரங்களைக் குறித்துக்கொள்வார்கள். அந்த நேரங்களில் முதுகுப் பதிவைத் துண்டுகளாக வெட்டிச் சராசரி எடுப்பார்கள். தசையின் அலை ஒரு துண்டில் மேலே போகும், மறு துண்டில் கீழே இறங்கும். கூட்டக் கூட்டத் தேய்ந்துவிடும். மிஞ்சுவது இதயத்தின் உருவம். அதை ஒவ்வொரு துடிப்பிலும் கழித்துவிட வேண்டியதுதான். எல்லாம் உன் பள்ளிக்கூடக் கணக்கு!

ஒரே ஒரு குறும்பு உண்டு. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று நகரும், முள்ளின் உருவமும் மாறும். அதனால் சிலர் அண்மையில் வந்த துடிப்புகளுக்கு மட்டும் சராசரி எடுத்து, அதைப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள்.