நாக அரசரின் கதிரைக்கு வெள்ளித்தாள் சுற்றியாச்சு!

வாருங்கள், எங்கள் சரித்திர வகுப்பின் சாமான் அறையைத் திறந்து காட்டுகிறேன். பார்த்துக் கால் வையுங்கள், நிலமெல்லாம் மண். சுவரோரம் அடுக்கியிருப்பவை ஐஸ் போட்டு மீன் ஏற்றி வந்த றெஜிபோம் பெட்டிகள். கழுவிக் காயவைத்து மண் நிரப்பியிருக்கிறோம். அடியில் கடற்கரை வெண்மணல், அதன்மேல் வலிகாமத்துச் செம்மண், பிறகு அடுப்புச் சாம்பல், உச்சியில் மறுபடி மணல். ஒவ்வொரு படைக்குள்ளும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது; என்னவென்று இப்போது சொல்ல மாட்டேன்! அந்த மூலையில் பளபளக்கிறதே, அதுதான் இரத்தின ஆசனம். பழைய கதிரைக்கு வெள்ளித்தாள் சுற்றியது. தொட்டுவிடாதீர்கள், பசை இன்னும் காயவில்லை.

விடிந்தால் தரம் 10 பிள்ளைகள் குறிகட்டுவானில் லோஞ்ச் ஏறுகிறார்கள். நயினாதீவுக்குத்தான். கோயிலுக்குப் போகிற நாள் என்பதால் மீன் வைத்த மாலு பணிஸுக்குத் தடை. பை நிறையப் பருத்தித்துறை வடை கட்டியாயிற்று. பிள்ளைகளைவிட எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஏன் இவ்வளவு ஆரவாரம்? சாதாரண தரப் பரீட்சைக்கு வரலாறு கட்டாயப் பாடம். புத்தகம் இலவசமாகக் கைக்கு வருகிறது. பிள்ளைகள் மன்னர் பெயரும் ஆண்டும் மளமளவென்று ஒப்புவிப்பார்கள். அதே பிள்ளையிடம், அந்த ஆண்டில் இந்தக் கரையில் நின்ற ஒருவன் கடலைப் பார்த்து எதற்குப் பயந்தான், எதற்கு ஆசைப்பட்டான், செத்த பிறகு எங்கே போவதாக நினைத்தான் என்று கேளுங்கள். வகுப்பே முழிக்கும். பதினைந்து வயதுக்கு இந்தக் கேள்வி பெரிது என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவே மாட்டேன். அந்த வயதில்தான் வீட்டில் சொல்வதையெல்லாம் ஏன், எதற்கு என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அதைக் கேட்கக் கற்றுக்கொடுக்க எங்கள் தீவகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கரும்பலகையில் ஒரே ஒரு விதி எழுதி வைத்திருக்கிறேன்: எந்தக் கதை கேட்டாலும் அதில் கப்பல் எங்கே இருக்கிறது என்று தேடு.

வெள்ளித்தாள் கதிரைக்கு வருவோம். மகாவம்சம் சொல்கிறது: நாகதீபத்தில் மகோதரன், சூளோதரன் என்று இரண்டு நாக அரசர்கள்; மாமனும் மருமகனும். ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டி நிற்கிறார்கள். புத்தர் வான்வழியே வந்து போர்க்களத்தை இருட்டாக்கி, அவர்கள் நடுங்கிய பிறகு ஒளி காட்டி அறம் சொல்கிறார். அரசர்கள் ஆசனத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறார்கள். நயினாதீவு நாக விகாரைக்குத் தெற்கிலிருந்து யாத்திரை வருகிறவர்கள் இந்தக் கதையோடுதான் வருகிறார்கள்.

இப்போது மணிமேகலையைத் திறக்கிறோம். அங்கேயும் இரண்டு நாக அரசர்கள்! அங்கேயும் ஓர் ஆசனம்! இருவரும் அதைத் தமதென்று சண்டைபிடிக்க, புத்தர் வந்து அது தன்னுடையது என்று சொல்லி அமர்ந்து அறம் உரைக்கிறார். இடத்தின் பெயர் மட்டும் மணிபல்லவம். அது நயினாதீவுதான் என்று சில அறிஞர்கள் எழுதினார்கள். எங்கள் ஊரில் அதைச் சந்தேகிக்க ஆளில்லை. மறுக்கிற ஆய்வாளர்களும் உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை.

வகுப்பை இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு பாதி பாளிக் கதையை நடிக்கும், மறுபாதி தமிழ்க் கதையை. ஒத்திகையிலேயே கூச்சல். மாமனாக நடிக்கும் பையன், "இது எங்கட வேலிச் சண்டை மாதிரியே கிடக்கு, ரீச்சர்" என்றான். வகுப்பு சிரித்து முடிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஒரு கதை ஏன் இருட்டையும் பயத்தையும் கொண்டுவருகிறது? மற்றக் கதையில் அந்த ஆசனம் கண்டவருக்கு முற்பிறப்பைக் காட்டுகிறதே, அது ஏன்? ஒன்று அநுராதபுரத்தில் பிக்குகள் தங்கள் நாடு புத்தரின் பாதம் பட்ட பூமி என்று நிலைநிறுத்த எழுதியது. மற்றது, கணிகையர் குலத்தில் பிறந்த ஓர் இளம்பெண் துறவியாகும் கதைக்காகப் பாடியது. பதினைந்து வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடிக்கும்போது முகத்தில் ஓர் ஒளி வரும் பாருங்கள்! எது உண்மை என்று கேட்டு வந்தவர்கள், யார் யாருக்காகச் சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆபுத்திரன் பகுதி. எவ்வளவு எடுத்தாலும் குறையாத அமுதசுரபி அவன் கையில். பசித்தவர் இருக்கும் நாட்டைத் தேடிச் சாவகத்துக்குக் கப்பல் ஏறுகிறான். காற்று மோசம், கப்பல் மணிபல்லவத்தில் நங்கூரம் போடுகிறது. அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விடுகிறது! உலகுக்கே சோறு போடக்கூடிய பாத்திரம், ஊட்ட ஒரு மனிதர் இல்லாத தீவு. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமலிருந்து உயிர் விடுகிறான்.

யாழ்ப்பாணப் பட்டினத்து வகுப்பில் இதைச் சொன்னால் கதையாகக் கேட்பார்கள். தீவுப் பிள்ளைகள் நெஞ்சில் கை வைக்கிறார்கள். கடைசி லோஞ்சைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. "ரீச்சர், அடுத்த லோஞ்ச் வரைக்கும் பொறுக்கேலாதோ அவருக்கு?" என்று ஒரு பிள்ளை கண் கலங்கக் கேட்டாள். அங்கே பிடித்துக்கொள்வேன். தன் உயிரைக் காப்பாற்ற அந்தப் பாத்திரம் போதும். ஆனாலும் தனக்கு மட்டும் உண்ண அவன் விரும்பவில்லை. அப்படி ஒரு மனிதனை உயர்ந்தவனாகக் கருதிய சமூகம் எப்படிப்பட்டது? பசியை அந்தக் காலம் எப்படிப் பார்த்தது? அரை மணி நேரம் வாதம் ஓடும். மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள்.

அடுத்தது நீதிமன்றம். மேசைவிரிப்புத் தைத்து இரண்டு கறுப்பு அங்கி செய்திருக்கிறோம்!

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் வளாகத்தில் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டு. பொலனறுவையிலிருந்து ஆண்ட மன்னன் எங்கள் கடலுக்குத் தமிழில் சட்டம் எழுதினான் என்பதே பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் இதை ஆராய்ந்து வெளியிட்டார். கல்வெட்டுச் சொல்வது இது: வெளிநாட்டவர் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும். யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

ஒரு பிள்ளை குதிரை வியாபாரி, இன்னொரு பிள்ளை துணி வியாபாரி, நடுவில் அரச அதிகாரி. துணிக்காரன் கத்துகிறான்: என் கப்பலும் அதே பாரில்தானே மோதியது, எனக்கு மட்டும் ஏன் பாதி? வகுப்பு அமைதியாகிறது. பின்வரிசையிலிருந்து பதில் வருகிறது: "ராசாவுக்குக் குதிரை வேணும். அதாலதான் குதிரைக்காரனை வெருட்டேல்லை." ஆகா! போர்க்குதிரை கடல் கடந்துதான் வரவேண்டும். பராக்கிரமபாகுவோ பர்மாவுக்கும் பாண்டி நாட்டுக்கும் படை அனுப்பியவன். ஒரு பிள்ளையின் வாயிலிருந்து இது வரும்போது எனக்குக் கைதட்டாமல் இருக்க முடிவதில்லை.

அங்கே நிறுத்தமாட்டேன். ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளி என்றொரு துறைமுகம். 1244இல் காகதீய மன்னன் கணபதிதேவன் அங்கே ஒரு சாசனம் பொறித்தான். முன்பிருந்த அரசர்கள் கரையொதுங்கிய கப்பலின் பொருளை முழுவதுமாகப் பறித்தார்கள். கடலில் உயிரைப் பணயம் வைப்பவர்கள்மேல் கருணை கொண்டு, உரிய சுங்கம் தவிர மற்றதை நான் விட்டுவிடுகிறேன் என்கிறான். ஒருவன் பங்கு பிரிக்கிறான், மற்றவன் கருணை பேசுகிறான். இருவருக்குமே வேண்டியது கப்பல்கள் தங்கள் துறைக்கு வரவேண்டும் என்பதுதான். அப்படியானால் கருணை பொய்யா? பிள்ளைகள் இன்றுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை. வராமலிருப்பதே எனக்குச் சந்தோஷம்.

சரி, மீன்பெட்டி இரகசியத்தை இனியும் அடக்க முடியாது. செம்மண் படையில் ஓர் எலும்புக்கூடு இருக்கிறது. களிமண்ணில் நாங்களே பிசைந்தது. அதன் பக்கத்தில் சிறு சட்டிகள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு ஆனைக்கோட்டையில் தோண்டியபோது, பெருங்கற்காலப் பண்பாட்டுப் புதைகுழியில் இறந்தவரோடு மட்பாண்டங்களும், பிராமி எழுத்தும் குறியீடுகளும் பொறித்த ஒரு முத்திரையும் கிடைத்தன. "செத்த ஆளுக்கு என்னத்துக்குச் சட்டி?" என்று தோண்டுகிற பிள்ளை கேட்டே தீரும். கேட்டவுடன், எட்டாம் நாள் சடங்கிலும் அந்தியேட்டியிலும் தங்கள் வீட்டில் என்ன படைக்கிறார்கள் என்று தாங்களே சொல்லத் தொடங்குவார்கள். நான் வாயே திறக்க வேண்டியதில்லை.

மேல்மணலில் நீலமும் வெள்ளையுமாகப் பீங்கான் துண்டுகள் ஒளித்திருந்தேன். உயர்தரப் பிள்ளை ஒருத்தி பார்த்துவிட்டு, அது பிந்திய காலத்துப் பாணி என்று திருத்தினாள். உடனே பச்சை கலந்த சாம்பல் நிறத் துண்டுகளாக மாற்றினோம். ஏனென்றால் வேலணைத் தீவின் அல்லைப்பிட்டியில் கிடைத்தவை வட சொங் காலத்துச் சீனப் பீங்கான்கள், ஏறத்தாழ 11, 12ஆம் நூற்றாண்டு. 1970களின் இறுதியில் ஜோன் காஸ்வெல் அவற்றை ஆராய்ந்து எழுதினார். 2018இல் ஷங்காய் அருங்காட்சியகக் குழுவினர் வந்து மறுபடி தோண்டினார்கள். பஸ்ஸில் தினமும் நாங்கள் தாண்டிப் போகிற அல்லைப்பிட்டி! பண்ணைப் பாலம் கடந்ததும் வருகிற அதே இடம்!

நெடுந்தீவுக்கு வேறொரு சனிக்கிழமை. அங்கே கட்டைக்குதிரைகளைக் கண்டால் பிள்ளைகள் வேறெதையும் பார்க்கமாட்டார்கள் என்பதால் அவற்றைக் கடைசிக்கு வைக்கிறேன். பெருக்குமரத்தடியில் ஒரு வேகமான கேள்வி: ஆபிரிக்காவின் மரம் இங்கே எப்படி முளைத்தது? முருகைக்கல் வேலிகளை ஓடியபடியே பார்த்துவிட்டு, நேரே மேற்குக் கரைக்கு, வெடியரசன் கோட்டைக்கு.

ஊர் சொல்கிறது: வெடியரசன் இத்தீவை ஆண்டவன். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு கடலில் பொருதியவன். கண்ணகி வழக்குரையிலும் இந்தக் கதை உண்டு. தொல்லியலாளர் சொல்கிறார்கள்: கோட்டை எனப்படும் இந்தக் கற்குவியல்கள் பௌத்த தூபிகளின் அடித்தளங்கள். இன்னும் ருசியானது ஒன்று: ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இடிந்து நிற்கிற ஐரோப்பியர் காலத்துக் கோட்டையை ஊர் மீகாமன் கோட்டை என்கிறது. தூபியை அரசனுக்குக் கொடுத்தார்கள், பறங்கியர் கோட்டையை அவன் எதிரிக்குக் கொடுத்தார்கள்! மறந்துபோன கட்டடங்களுக்கு மனிதர்கள் தங்கள் மனதிலிருக்கும் பெரிய கதையைக் குடியமர்த்துவது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் காட்டாது. தூபி என்றவுடன் இது யாருடைய இடம் என்ற இன்றைய சண்டை தலைகாட்டும். தமிழ் பேசியவர்களும் பௌத்தர்களாக இருந்தார்கள், மணிமேகலையே அதற்குச் சாட்சி என்று வகுப்பில் ஏற்கெனவே வாசித்திருக்கிறோம். அதனால் அந்தச் சண்டையைப் பிள்ளைகள் நிதானமாகப் பேசுகிறார்கள். பெரியவர்கள் வந்து கேட்க வேண்டும்.

ஒன்றுக்கு மட்டும் நாடகமும் இல்லை, மண்பெட்டியும் இல்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினி படகில், பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் ஊர் நினைவுகூருகிறது. வகுப்பில் பலருக்கு அது சொந்தக் குடும்பத்துக் கதை. நாங்கள் அதைப் பற்றிப் பேசும்போது பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதி வந்ததை மட்டும் வாசிக்கிறோம். விருப்பமில்லாத பிள்ளை வாசிக்க வேண்டியதில்லை. சாட்சியம் என்றால் என்ன, அதை எவ்வளவு மதித்துக் கேட்க வேண்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்கிறார்கள்.

அடுத்த தவணை ஊர்காவற்றுறை! கடலுக்கு நடுவே நிற்கிற கடற்கோட்டைக்காக ஒரு முற்றுகை விளையாட்டு வரைந்துகொண்டிருக்கிறோம். போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்தார்கள். கோட்டையின் தண்ணீர்த் தொட்டி போனதும் உள்ளே இருந்தவர்கள் பணிந்தார்கள். நல்லதண்ணிக்கு வரிசையில் நிற்கிற தீவுப் பிள்ளைகள் அதில் யாரையும் தோற்கடித்துவிடுவார்கள். பிறகு கரம்பொன். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த ஊர். 1554இல் லிஸ்பனில் தமிழ்ச் செபங்களை உரோமன் எழுத்தில் அச்சிட்ட சிறு நூலை அந்த நகரிலேயே கண்டு, தமிழ் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர். தமிழை வேறொருவரின் எழுத்தில் வாசித்தவர்கள் உலகை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் அன்றைய பாடம். அதற்கு அச்சுக்கட்டை வேண்டும். உருளைக்கிழங்கை வெட்டி எழுத்துச் செதுக்கலாம் என்று முன்வரிசை யோசனை சொன்னது. நேற்றே ஒத்திகை பார்த்தார்கள். முதல் அச்சில் எல்லா எழுத்தும் இடம் வலம் மாறி விழுந்தது. இப்போது அறை முழுக்கக் கண்ணாடி வைத்து, எழுத்தைத் திருப்பி எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் இரண்டு கிலோ கிழங்கு வேண்டுமாம். வேலணைச் சந்தை மூடுவதற்குள் நான் ஓட வேண்டும்!