பெயர் சொல்லி அழைக்கும் தோல்

பயணக் காணொளி எடுப்பவர்களின் கணினியில் அநேகமாக ஓர் இசைக் கோப்பு கிடக்கும். பெயர் 'ட்ரைபல் பெர்கஷன்'. பழங்குடித் தாளமாம். எந்தக் குடி, எந்த ஊர் என்று அதில் எழுதியிருக்காது. அருவி, ஜீப், ஒற்றையடிப் பாதை, அடியில் திம் திம் என்று அந்தத் தாளம். ஆனால் அந்தத் திம்முக்குள் யாரோ ஒருவருடைய பெயர் ஒளிந்திருக்கலாம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பேசும் மேளம் என்று ஒன்று உண்டு. நைஜீரியாவின் யொரூபா மக்களிடம் அது 'துந்துன்'. செனகலில் அதன் சிறிய உருவம் 'தமா'. உடுக்கையைப் பார்த்த நமக்கு அது புதிதாகத் தெரியாது. இரு பக்கமும் தோல், நடுவில் ஒடுங்கிய இடை, தோலுக்கும் தோலுக்கும் இடையே இழுத்துக் கட்டிய வார்கள். உடுக்கையைக் கையால் இறுக்குகிறோம். தமாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையால் நெருக்குகிறார்கள். வார் இறுகினால் சுருதி ஏறும், தளர்ந்தால் இறங்கும்.

சுருதியை ஒரு ஸ்தாயி, அதாவது கீழ் 'ஸ'விலிருந்து மேல் 'ஸ'வுக்கு உயர்த்தத் தோலின் இழுவிசை இரு மடங்கானால் போதாது, நான்கு மடங்காக வேண்டும். கக்கத்துக்கு அவ்வளவு பலம் ஏது? விடை மொட்டைமாடிக் கொடிக்கயிற்றில் இருக்கிறது. 3 மீட்டர் கயிற்றின் நடுவில் 1 கிலோ ஈரத் துணியைப் போடுகிறீர்கள்; கயிறு 5 சென்டிமீட்டர்தான் தாழ்கிறது. அப்போது ஒவ்வொரு முனையிலும் ஆணியை இழுப்பது 1 கிலோ அல்ல, ஏறக்குறைய 15 கிலோ எடைக்கு ஈடான விசை! விறைப்பான கயிற்றைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே முனைகளில் பெரும் இழுப்பு பிறக்கும். மேளத்தின் இடை ஒடுங்கியிருப்பது அழகுக்காக மட்டுமல்ல. வார்கள் உள்ளே வளைய இடம் வேண்டுமே.

சரி, பேச்சு எங்கிருந்து வந்தது? யொரூபா ஒரு தொனி மொழி. குரலின் ஏற்ற இறக்கத்திலேயே பொருள் மாறும். அதில் மேல், நடு, கீழ் என மூன்று தொனிகள். 'ஒக்கொ' என்ற ஒரே உச்சரிப்பு, தொனிக்கேற்பக் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நான்கு பொருள் தரும். துந்துன் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. உதடும் நாக்கும் செய்யும் வேலையைத்தான் அதனால் செய்ய முடியாது. மெய்யும் உயிரும் உதிர்ந்துபோய், மெட்டு மட்டும் மிஞ்சுகிறது.

ஒரே மெட்டுள்ள சொற்கள் ஏராளம் இருக்குமே, குழப்பம் வராதா? காங்கோவின் லொக்கேலே மக்களிடையே வாழ்ந்த ஜான் கேரிங்டன் 1949-இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை உண்டு. அவர்களுடைய முரசு குடைந்த மரம், இரண்டே தொனிகள். அவர்கள் மொழியில் நிலாவுக்கும் கோழிக்கும் ஒரே மெட்டு. ஆகவே முரசு வெறுமனே நிலா என்று சொல்லாது. பூமியைக் குனிந்து பார்க்கும் நிலா என்று ஒரு வாலைச் சேர்த்து நீட்டும். வால் நீளும்போது மெட்டும் நீள்கிறது, வேறு சொல்லோடு மோதும் வாய்ப்பு குறைகிறது. தொலைபேசியில் பெயரை எழுத்துக் கூட்டும்போது, 'ப'வா 'த'வா என்று கேட்பவரிடம் 'பம்பரத்துக்கு ப' என்கிறோம் இல்லையா, அதே தந்திரம்.

திரைப்படக்காரர்கள் மேளத்தை நாடுவதற்குக் காரணம் வேறு. தந்தியில் எழும் துணை ஒலிகள் அடிப்படை அதிர்வைப் போல 2, 3, 4 மடங்கு என்று ஒழுங்காக வரும். வட்டத் தோலில் அவை 1.59, 2.14, 2.30 என்று தாறுமாறாக வரும். அதனால் பெரும்பாலான மேளங்களில் சுருதி தெளிவாகக் கேட்காது. பின்னணி இசைக்கு அந்தக் குறையே வரம். எந்த ராகத்துக்கு அடியிலும் வைக்கலாம், சண்டை வராது.

காணொளி விளையாட்டில் இது இன்னும் பயன்படும். எதிரி எப்போது வருவான் என்று இசையமைப்பாளருக்கே தெரியாது. ஆகவே ஒரே வேகத்தில் பல மேளங்களைத் தனித்தனியே பதிந்து வைக்கிறார்கள். நடந்தால் ஒன்று, ஆபத்து நெருங்கினால் மூன்று, சண்டை மூண்டால் எல்லாம். கட்டளை இடுவது ஆடுபவரின் விரல். பயணப்படத்தில் கணக்கு எளிது: நிமிடத்துக்கு 120 அடி, நொடிக்கு 24 படம் என்றால், அடிக்குச் சரியாக 12 படம். நொடிக்கு 25 படம் ஓடும் காணொளியில் பன்னிரண்டரை வரும். தொகுப்பாளர் 12, 13 என்று மாற்றி மாற்றி வெட்ட வேண்டியதுதான்.

கோப்பைத் தேடாமல் ஆளைத் தேடிப் போனவர் ஸ்வீடன் இசையமைப்பாளர் லுட்விக் யோரான்சன். 2018-இல் வந்த 'பிளாக் பேந்தர்' படத்துக்காகச் செனகலுக்குப் போய்ப் பாடகர் பாபா மாலுடன் ஊர் ஊராகச் சுற்றினார். மாலின் இசைக்குழுவில் தமா வாசிப்பவர் மசாம்பா தியோப். செனகலில் பரவலாகப் பேசும் வொலோஃப் தொனி மொழி அல்ல. ஆனாலும் பேச்சின் நடையைப் பிடித்துத் தமா பேசும். நாயகனின் பெயரைத் தமாவில் மூன்றே அடிகளில் தியோப் சொன்னார்: தி-சா-லா. படத்தின் இசைக்கு 2019-இல் ஆஸ்கர் கிடைத்தது. திரையரங்கில் பெரும்பாலோர் காதில் விழுந்தது மூன்று அடிதான்.