மழைவெயிலில் நிற்கும் மரத்துக்கு ஏற்ற பூச்சு

வேலிக்கால், களத்துக் கதவு, வண்டி, மாட்டுத்தொட்டி முதலியன வெட்டவெளியில் மழைக்கும் வெயிலுக்கும் இலக்காகி நிற்பவை. இவை யாவற்றுக்கும் ஒரே தாரைப் பூசிவிட்டுக் கவலையற்றிருப்பது நம் குடியானவர்களிற் பலருடைய வழக்கம். இதனால் வரும் நஷ்டம் மரத்தின் விலையோடு நிற்பதில்லை. கதிர் முற்றிய சமயத்தில் வேலி சாய்ந்து மாடு புகுமாயின் ஒரு போகத்து விளைவே போய்விடும்.

இவ்விஷயத்தில் நானும் பிழை செய்தவனே. உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில், நிலக்காரர் ஒருவர் அப்போதுதான் வெட்டிய சவுக்குக் கால்களுக்குத் தார் பூசி நடலாமென்று ஆலோசனை கூறினேன். பார்வைக்கு வேலி வெகு நேர்த்தியாகவே இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் கால்கள் ஒவ்வொன்றாகத் தரைமட்டத்தில் முறிந்தன. மேலே தார் ஓடுபோல் அப்படியே இருந்தது. உள்ளே மரம் மாவாகிவிட்டது. பூச்சானது வெளி ஈரத்தைத் தடுப்பதற்குப் பதிலாக உள் ஈரத்தைப் பூட்டிவைத்தது. அதுமுதல், பூச்சைப் பற்றிக் கேட்பவரிடம் மரம் உலர்ந்ததா என்பதையே முதலில் கேட்டுவருகிறேன்.

மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைப் பூஞ்சணம். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்குக் கீழிருந்தால் அது வளராது. நட்ட காலின் மேற்பகுதி காற்றில் உலர்ந்துவிடுகிறது. ஆழத்திலோ காற்றுக் குறைவு. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைப்பது தரைமட்டத்துக்கு ஒரு சாண் மேலும் கீழுமேயாம். கால் முறிவது அங்கேதான். கறையானும் அவ்வழியே ஏறுகிறது. ஆகையால் அவ்விடத்துக்கு மேற்பூச்சுப் போதாது; மருந்து மரத்தினுள் ஊறவேண்டும்.

இதற்குக் கிராமத்திலேயே செய்யத்தக்க முறையொன்றுண்டு. பட்டையை முற்றும் உரித்து, நிழலில் நன்கு உலர்த்திய கால்களை ஓர் இரும்புப் பீப்பாயில் கிரியோசோட் எண்ணெயில் அடிப்பக்கமாக நிறுத்துக. நடும் ஆழத்துக்கு மேல் ஓரடியாவது எண்ணெயில் இருத்தல் வேண்டும். கொதிக்கவிடாமல் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கி, பின்பு நெருப்பை அகற்றி அவ்வெண்ணெயிலேயே ஆறவிடுக. சூட்டினால் மரத்துளைகளிலுள்ள காற்று விரிந்து வெளியேறும். ஆறும்போது அவ்விடத்தை எண்ணெய் பற்றிக்கொள்ளும். வைரத்தைவிட வெளிறே எண்ணெயை நன்றாக உறிஞ்சும். ஆதலின் சவுக்கு போன்ற மெல்லிய கால்களுக்கு இம்முறை மிகவும் பொருந்தும். இவ்வெண்ணெய் தோலைப் புண்ணாக்குவதுடன் புற்றுநோய்க்கும் ஏதுவாகலாமென்று கருதப்படுவதால் கையுறையின்றித் தொடலாகாது.

தேராதூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1933-இல் சோந்தி காமேசம் கண்டறிந்த செம்பு, குரோமியம், பாஷாணம் கலந்த மருந்தை அழுத்தி ஏற்றிய மரமும் நெடுங்காலம் உழைக்கும். ஆயினும் அதில் பாஷாணமிருப்பதால், அதன் துண்டுகளை அடுப்பெரிக்கவோ தொட்டி செய்யவோ ஒருபோதும் கொள்ளற்க.

தரையைத் தொடாத கதவுக்கு எண்ணெய் வர்ணமே தகும். பளபளப்பை விரும்பி நிறமற்ற வார்னிஷ் பூசுவோர் ஏமாறுகின்றனர். வெயில் அதனூடே புகுந்து மரத்தின் மேற்பரப்பைக் கெடுக்க, வார்னிஷ் பிடிமானமின்றிச் செதில் செதிலாய் உரியும். வர்ணத்திலுள்ள நிறப்பொடியோ வெயிலைத் தடுக்கும். முகத்தில் இரண்டு கை பூசுபவர் சட்டங்களின் அறுத்த முனைகளை மறந்துவிடுகின்றனர். நீர் மிகுதியாகப் புகுவது அங்கேதான். முனைக்கு மூன்று கை பூசினும் தகும்.

மாட்டுத்தொட்டிக்கு ஒன்றும் பூசாதிருப்பதே உத்தமம். ஈயங்கலந்த பழைய வர்ணத்தை நக்கிக் கன்றுகள் மடிவதுண்டு.

வண்டிச் சட்டத்துக்குக் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்து, ஒரு கை காய்ந்தபின் மறு கை இடுக. தடிப்பாகப் பூசினால் பிசுபிசுத்துப் புழுதி ஒட்டும். வருஷந்தோறும் மழைக்கு முன் புதுப்பிக்கவேண்டும். தேய்த்த கந்தைகளைச் சுருட்டிப் போடாதீர்கள். அவ்வெண்ணெய் காயும்போது சூடுண்டாகி, குவிந்த கந்தை தானே தீப்பற்றும். வைக்கோற்போருக்கு எட்டத்தில் அவற்றை விரித்துக் காயவைத்த பிறகே எறிக.