கைப்பேசி திறக்க மறுக்கும்போது

அறுவைச் சிகிச்சை முடிந்து நான்கு நாள்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்துவிட்டு வார்டுக்கு வரும் பலரும் முதலில் கேட்பது கண்ணாடி. அடுத்துக் கேட்பது கைப்பேசி. மகனோ மகளோ அதற்குச் சார்ஜ் ஏற்றிக் கையில் கொடுக்கிறார்கள். விரலை வைத்தால் அது திறப்பதில்லை. கடவு எண்ணைக் கேட்கிறது. அந்த எண் நினைவுக்கு வருவதில்லை. காப்பீட்டு அட்டையின் படம், மருந்துப் பட்டியல், வங்கிச் செயலி, பேரக் குழந்தையின் குரல் என எல்லாம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் நிற்கின்றன. "எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?" என்று சிலர் எங்களிடம் மெல்லக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கூறவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

மறதி ஏன் வருகிறது?

நாள்தோறும் விரல்ரேகையாலோ முகத்தாலோ கைப்பேசியைத் திறப்பவர்கள் கடவு எண்ணை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். பயன்படுத்தாத எண் எளிதில் மறந்துபோகும். ஆனால் பேட்டரி தீர்ந்து அணைந்த கைப்பேசி, மீண்டும் இயங்கத் தொடங்கும்போது எண்ணைத்தான் முதலில் கேட்கும். ஐபோன் 48 மணி நேரம் திறக்கப்படாமல் இருந்தாலும் அவ்வாறே கேட்கும்.

இதனுடன் உடல்நிலையும் சேர்கிறது. கடும் நோய், மயக்க மருந்து, உறக்கமின்மை, வலி நிவாரணிகள் ஆகியவற்றால், சிறப்பாக முதியோருக்கு, டெலிரியம் எனப்படும் தற்காலிக மனக்குழப்பம் ஏற்படலாம். பெரும்பாலோர்க்கு அது நாளடைவில் தெளியும். கடவு எண் ஒன்றை மறந்ததனால் மட்டும் எவரும் மறதி நோயாளி ஆகிவிடுவதில்லை. ஆயினும் நாள், இடம், உறவினர் பெயர் ஆகியவற்றிலும் தடுமாற்றம் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் ஒரு பக்கம் தளர்ந்தாலோ, கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு உடனே செவிலியரை அழையுங்கள்.

சில நேரங்களில் குறை விரலில் இருக்கும். வீக்கம், ஈரம், கட்டு ஆகியவை ரேகை பதிவதைத் தடுக்கும். கேப்சிடபின் என்னும் புற்றுநோய் மருந்து சிலருக்குக் கை, கால் தோலைப் பாதித்து ரேகையையே மங்கச் செய்யும். அத்தகையோர் கைப்பேசியின் கடவு எண்ணை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்வது நலம். ஆதார் சரிபார்ப்பு தேவைப்படும் இடங்களில், விரல்ரேகைக்கு மாற்றாகக் கருவிழி, முகம், ஓ.டி.பி. ஆகியவற்றுள் எதை ஏற்பார்கள் என்று கேளுங்கள்.

பூட்டிக்கொண்டால் செய்ய வேண்டியவை

முதலில், ஊகித்து எண்களை அழுத்துவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தவறும் காத்திருக்கும் நேரத்தை நீட்டிக்கும். தவறுகள் தொடர்ந்தால், ஐபோனில் உள்ளிருப்பதை அழித்துப் புதிதாகத் தொடங்குவதைத் தவிர வேறு வழி இராது. நோயாளி நன்கு உறங்கி எழுந்த காலை வேளையில், அமைதியாக ஒருமுறை முயலலாம். பழகிய எண்ணை மனத்தைவிட விரல் நன்றாக நினைவில் வைத்திருப்பது உண்டு.

பூட்டிய கைப்பேசியிலும் வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம். 112 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம். ஓ.டி.பி. தேவையெனில், நோயாளியின் இசைவுடன் சிம் அட்டையைக் கழற்றி வேறொரு கைப்பேசியில் இட்டால் குறுஞ்செய்தி அதில் வந்துசேரும். சிம் அட்டைக்கே தனி எண் வைத்திருந்தால் எச்சரிக்கை தேவை. மூன்று முறை தவறினால் அது பூட்டிக்கொள்ளும். பின்னர்ச் சேவை நிறுவனம் தரும் எட்டு இலக்கப் பி.யு.கே. எண் வேண்டும். அதையும் பத்து முறை தவறாக இட்டால் அந்த அட்டை பயனற்றுப் போகும்.

கூகுள் கணக்கின் கடவுச்சொல்லை மறந்தவர்கள், இயன்றால் வீட்டில் வழக்கமாகப் பயன்படுத்தும் கணினியிலிருந்தே மீட்க முயல வேண்டும். பழகிய கருவியும் பழகிய இடமும், கேட்பவர் உரியவர்தாம் என்று கூகுள் நம்புவதற்குத் துணைசெய்யும்.

"திறந்து தருகிறோம்" என்று தொலைபேசியில் கூறுவோரை நம்பாதீர்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் சேவை எண்கள் பல மோசடிக்காரர்களுடையவை. அவர்கள் சொல்லும் செயலியை நிறுவவோ, ஓ.டி.பி.யைச் சொல்லவோ கூடாது. பணம் பறிபோய்விட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

சிகிச்சைச் செலவுக்குப் பணம் எடுக்க முடியவில்லையே என்ற கவலைக்கும் வழி உண்டு. கையெழுத்திட இயலாத நோயாளியின் கைரேகையைச் சாட்சிகள் இருவர் முன்னிலையில் பெற்றுப் பணம் வழங்கும் நடைமுறை வங்கிகளில் இருக்கிறது. சாட்சிகளுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும். கணக்குள்ள கிளையின் மேலாளரை நேரில் அணுகுங்கள்.

உடனிருப்போரிடம் ஒரு வேண்டுகோள்

மயங்கிக் கிடப்பவரின் விரலை எடுத்துக் கைப்பேசியின் மேல் வைக்கும் காட்சியை நாங்கள் கண்டதுண்டு. அவசரம் புரிகிறது. ஆனால் கைப்பேசி அவருடைய அந்தரங்கம். விழித்தெழுந்ததும் அவர் முதலில் இழப்பது உங்கள் மீதுள்ள நம்பிக்கையாக இருக்கக்கூடாது. சிகிச்சைக்குத் தேவையான விவரங்கள் பெரும்பாலும் வேறு வழியிலும் கிடைக்கும். மருந்துப் பட்டியலை மருந்துக் கடையிலும், பழைய அறிக்கைகளை ஆய்வகத்திலும், காப்பீட்டு எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுப் பெறலாம்.

சேர்க்கைக்கு முன் அரை மணி நேரம்

திட்டமிட்ட சிகிச்சைக்கு வருவோர் முந்தைய நாள் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். கடவு எண்ணை ஒருமுறை கையால் இட்டுப் பாருங்கள். அந்த நாளில் புதிய எண்ணுக்கு மாற்றாதீர்கள். அதைத் தாளில் எழுதி உறையிலிட்டு, நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுங்கள். வங்கி, யு.பி.ஐ. எண்களை அந்த உறையில் வைக்க வேண்டாம். ஐபோன் வைத்திருப்போர் கணக்கை மீட்க உதவும் நம்பிக்கையான தொடர்பு ஒருவரை அமைப்புகளில் சேர்க்கலாம். கூகுள் கணக்கு உள்ளோர் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு வைக்கலாம். இரத்த வகை, ஒவ்வாமை, உறவினர் எண் ஆகியவற்றை அவசர மருத்துவத் தகவல் பகுதியில் பதிந்து, பூட்டிய திரையிலும் தெரியுமாறு அமைத்தால், திறக்காத கைப்பேசியும் உங்களுக்காகப் பேசும்.

இவை அனைத்தையும்விட எளிய காப்பு ஒன்று உண்டு. மருந்துகளின் பெயர், காப்பீட்டு எண், மூன்று உறவினர்களின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் சிகிச்சைக் கோப்பில் வையுங்கள். தாளுக்குக் கடவுச்சொல் தேவையில்லை.