‘ரூலர்’ என்றால் யார்?

பள்ளிப் பையனுக்கு ‘ரூலர்’ என்றால் கோடு போடும் குச்சி. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் வழக்கிலோ அந்த ஒரு சொல்லுக்கு இரண்டு நீதிமன்றங்கள் இரண்டு விதமாகப் பொருள் சொல்லின. கோயிலும் அதன் நிலவறைகளும் யார் பொறுப்பில் என்பது அந்தப் பொருளைப் பொறுத்திருந்தது.

1950-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்-கொச்சி இந்து சமய நிறுவனங்கள் சட்டத்தின் 18(2) பிரிவு, கோயில் நிர்வாகத்தைத் ‘திருவிதாங்கூர் ரூலரின்’ கட்டுப்பாட்டில் வைத்தது. அப்போது யாருக்கும் சந்தேகமில்லை. ரூலர் என்றால் சித்திரைத் திருநாள் பாலராம வர்மா. 1971-இல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தை ஒழித்தது. கூடவே, அதற்கு முன்பு குடியரசுத் தலைவரின் அங்கீகாரம் பெற்றவர்தான் ரூலர் என்றும் ஆயிற்று. சித்திரைத் திருநாள் 1991-இல் மறைந்தார். தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா கோயில் பொறுப்புக்கு வந்தார். அவர் ரூலரா?

மொழிபெயர்ப்பவரின் திண்டாட்டமும் இங்கேதான். ‘மன்னர்’ என்று எழுதினால் வாரிசும் கூடவே வந்துவிடுகிறார். ‘ஆள்பவர்’ என்று எழுதினால் ஆட்சி போனதும் ஆளும் போய்விடுகிறார். மூலத்தைத் தோண்டினால் கிடைப்பது லத்தீன் ‘ரெகுலா’: நேரான கோல். அரசனைக் குறிக்கும் ‘ரெக்ஸ்’ அதற்கு உறவு. நம் செங்கோலும் நேரான கோல்தான், வளைந்தால் கொடுங்கோல். (ரோமானியரும் தமிழரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்னவோ!) ஆனால் கோல் யார் கைக்குப் போகும் என்பதை எந்த அகராதியும் சொல்வதில்லை.

கேரள உயர் நீதிமன்றம் 2011 ஜனவரி 31 அன்று ‘ஆள்பவர்’ பக்கம் நின்றது: ரூலர் என்ற தகுதி வாரிசாக இறங்காது, கோயிலை மாநில அரசு ஏற்க வேண்டும். குடும்பம் மேல்முறையீடு செய்தது. அந்த ஆண்டே நிலவறைகள் திறக்கப்பட, உலகமே வாய்பிளந்தது.

2020 ஜூலை 13 அன்று நீதிபதிகள் யு.யு.லலித், இந்து மல்ஹோத்ரா இருவரும் அதை மாற்றினார்கள். அந்தச் சட்டப் பிரிவில் ரூலர் என்றால் வழக்கப்படி வரும் வாரிசுகளும் அடக்கம். மானியமும் பட்டமும் போனாலும், தெய்வத்தின் சொத்தைத் தெய்வத்துக்காகக் கவனிக்கும் ‘ஷெபாயித்’ உரிமை போகவில்லை என்றார்கள். (இது வங்காளம் தந்த சட்டச் சொல்.)

ஜெயித்த குடும்பம் நிர்வாகத்தைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளவில்லை. மாவட்ட நீதிபதி தலைமையில் ஐவர் குழு என்பது குடும்பமே முன்வைத்த யோசனை. நீதிமன்றம் அதை ஏற்றது. திறக்கப்படாத ‘பி’ நிலவறையைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவையும் குழுக்களிடமே விட்டது.