கிராம சபைக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் போகிறார்கள்?

நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரில் எத்தனையோ தேதிகளைச் சுழித்து வைத்திருக்கிறோம். அமாவாசை, கிருத்திகை, சிலிண்டர் மாற்றிய நாள், பால் கணக்கு தீர்த்த நாள், சின்னவனுக்கு அடுத்த தடுப்பூசி... இவற்றோடு இன்னும் ஆறு தேதிகளைச் சேர்த்துக் கொள்ளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிற நாட்கள் இவை. முன்பெல்லாம் ஆண்டுக்கு நான்கு முறைதான் கூடியது. 2022-இல் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐயும், உள்ளாட்சி தினமான நவம்பர் 1-ஐயும் சேர்த்து ஆறாக்கினார்கள்.

"அதெல்லாம் ஆம்பளைங்க சமாசாரம். நாம போய் அங்கே என்ன பேசறது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அங்கே பேசப்படுகிற விஷயங்கள் என்னென்ன? குடிதண்ணீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, அங்கன்வாடிக் கட்டடம், கொசு மருந்து. இவற்றில் ஆண்களுக்கு நம்மைவிட அதிகம் தெரிந்தது எது? எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும், எந்த முடுக்கில் விளக்கு எரியாது என்பதெல்லாம் நமக்குத்தானே அத்துப்படி!

கிராம சபை என்பது கட்சிக் கூட்டம் அல்ல. ஊராட்சி மன்றத் தலைவரும் வார்டு உறுப்பினர்களும் மட்டும் கூடிப் பேசும் கூட்டமும் அல்ல. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். நீங்களும், உங்கள் மாமியாரும், எதிர்வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவும் உறுப்பினர்கள்தான். வெற்றிலை பாக்கு வைத்து யாரும் அழைக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஊராட்சி மன்றத்துக்கு ஐந்தாண்டு ஆயுள். கிராம சபைக்கு அப்படி ஒரு ஆயுள் கிடையாது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வான தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தலைவர் நாற்காலி காலியானாலும் சபை காலியாகாது. அந்த அலுவலரிடமே கேள்வி கேட்கலாம்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தத் தேதிகளைத் தேர்ந்தெடுத்தவர்கள் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள் போலிருக்கிறது. ஆறில் நான்கு நாள் விடுமுறை. பிள்ளைகளும் வீட்டுக்காரரும் வீட்டிலேயே இருப்பார்கள். கறிக்குழம்போ வடை பாயசமோ ஏதாவது ஒன்று கேட்பார்கள். கூட்டமோ பெரும்பாலும் காலை 11 மணிக்கு. உலை கொதிக்கிற நேரம்! இதற்கு என் யோசனை, முந்தைய நாள் இரவே புளிக்காய்ச்சல் செய்து வைத்துவிடுங்கள். ஒரு நாள் புளிச்சோறும் அப்பளமும் சாப்பிட்டால் யாருக்கும் உடம்பு இளைத்துவிடாது.

போகிற பெண்கள் இல்லாமல் இல்லை. பல ஊர்களில் பந்தலில் பாதிக்கு மேல் பெண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் எப்படி வருகிறார்கள் என்று பாருங்கள். "குழுவில் இருக்கிறவங்க எல்லாரும் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்று கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். இந்தக் கணக்கை நிரப்ப நம் கையெழுத்து வேண்டும். நம் பேச்சு வேண்டாம்! கையெழுத்துப் போட்டு, டீயும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு, பதினைந்து நிமிஷத்தில் வீடு திரும்பிவிடுகிறோம். நாம் திரும்பிய பிறகு அந்த நோட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. அத்தனையும் நம் கையெழுத்தின் பலத்தில்தான் நிற்கிறது.

ஓர் ஊரில் நான் பார்த்த ஒரு கூட்டம். எழுத்தர் தீர்மானங்களை மளமளவென்று படித்துக்கொண்டே போனார். முன்வரிசையில் இருந்த ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும், எழுந்து நின்றார். "ஏப்பா, தண்ணித் தொட்டியை எப்போ கழுவினீங்க?" அவ்வளவுதான் கேள்வி. மேஜைக்குப் பின்னால் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டார்கள். "மாசாமாசம் கழுவறோம் பாட்டி" என்றார் ஒருவர். "தூணிலே போன தீபாவளிக்கு முந்தின தேதியில்ல போட்டிருக்கு? என் பேரன் வாசிச்சுச் சொன்னானே!" பந்தலில் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் நாலு பெண்கள் எழுந்துவிட்டார்கள். அந்த மாதம் அந்தத் தெருவில் குழந்தைகளுக்கு அடுத்தடுத்து வயிற்றுப்போக்கு. ஒரு தாய் கைக்குழந்தையோடு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்திருந்தாள். தொட்டியைப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழுவுவது என்றும், தேதியை எல்லோருக்கும் தெரியும்படி எழுதுவது என்றும் அன்றைக்குத் தீர்மானம் எழுதப்பட்டது. எழுதி, படித்துக் காட்டிய பிறகே அந்தப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் இன்று எல்லாத் தாய்மார்களும் அறிந்தது. வீட்டில் தண்ணீரைக் காய்ச்சியும் வடிகட்டியும் வைக்கிறோம். ஆனால் அந்தத் தண்ணீர் வருகிற தொட்டியும் குழாயும் நம் கையில் இல்லை. அங்கே கை வைப்பதற்கான வழி கிராம சபைதான். குழாய்க்கு வந்து சேரும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது தரக் கணக்கு. அதைப் பார்க்கச் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் சொட்டு மருந்து விட்டு, நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "எங்க தெருக் கடைசிக் குழாயில ஒரு தடவை பார்த்துக் காட்டுங்க" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடைசிக் குழாய் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தொட்டியடியில் குளோரின் இருந்தாலும் தெருக்கோடிக்குப் போவதற்குள் தீர்ந்துபோகலாம்.

அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்தில் ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் 275 லிட்டர். 15 லிட்டர் பிடிக்கும் குடமாக இருந்தால் பதினெட்டுக் குடம். உங்கள் வீட்டுக்கு எத்தனை குடம் வருகிறது? ஒரு வாரம் காலண்டர் தாளின் ஓரத்திலேயே குறித்து வையுங்கள். "தண்ணி சரியா வரலீங்க" என்று சொன்னால், "பார்க்கலாம்மா" என்று பதில் வரும். "பதினெட்டுக் குடம் வரணும், ஏழு குடம்தான் வருது, இதோ ஏழு நாள் கணக்கு" என்று தாளை நீட்டினால், எழுத்தருக்குப் பேனாவைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பேசுவதற்குக் கூச்சமாக இருக்கிறதா? எல்லோருக்கும் அப்படித்தான். நாலைந்து பேர் முன்கூட்டியே கூடிப் பேசி, ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு போங்கள். பத்து விஷயத்தைக் கொட்டினால் பத்தும் காற்றில் போய்விடும். அந்த ஒன்றையும் தாளில் இரண்டு பிரதி எழுதுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். "கோரிக்கையாக வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். "தீர்மானமா எழுதுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். தீர்மான நோட்டில் ஏறியதுதான் நிற்கும். ஊராட்சியின் வரவு செலவையும் அன்றைக்குச் சபையில் வைக்க வேண்டும். நம் வீட்டு மளிகைக் கணக்கைப் பார்க்கிற அதே கண்ணால் பாருங்கள், போதும். பிறகு தீர்மானத்தின் நகல் கிடைக்கவில்லையென்றால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி மனு எழுதிக் கேட்கலாம்.

பட்டா, முதியோர் பென்ஷன் போன்ற தனிப்பட்ட மனுக்களுக்கு இது இடமல்ல. அவற்றுக்குக் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை தோறும் நடக்கும் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது.

"எங்கள் ஊரில் கூட்டம் எப்போதும் மேலத்தெருவில்தான், நாங்கள் போய் எங்கே உட்காருவது?" என்று காலனிப் பெண்கள் கேட்பதும் நியாயம்தான். மத சம்பந்தமான இடங்களில் கிராம சபை நடத்தக் கூடாது, ஊராட்சிக்கு உட்பட்ட குக்கிராமங்களில் இடம் மாற்றி மாற்றி நடத்த வேண்டும் என்று அரசு உத்தரவே இருக்கிறது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியை நினைத்துப் பாருங்கள். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக, 1996 முதல் பத்தாண்டு அங்கே முறையாகத் தேர்தலே நடத்த முடியவில்லை. 2006-இல்தான் நடந்தது. அதே ஊரில் 2021 அக்டோபர் 2 அன்று நடந்த கிராம சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். "அடுத்த கூட்டம் எங்கள் தெருவில்" என்பதையே நீங்கள் முதல் தீர்மானமாகக் கேட்கலாம்.

தலைவர் பதவியிலேயே பெண்கள் வந்துவிட்டார்கள் அல்லவா என்று கேட்கலாம். வந்துவிட்டார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. 2019 தேர்தலில் அது நடைமுறைக்கும் வந்தது. ஆனால் சில ஊர்களில் தலைவி மேஜையில் இருப்பார். பதில் மட்டும் பக்கத்து நாற்காலியில் இருக்கும் கணவரிடமிருந்து வரும். அங்கே நாம் செய்யக் கூடியது ஒன்று. கேள்வியைத் தலைவியின் முகத்தைப் பார்த்தே கேளுங்கள். அவர் பேசும்வரை காத்திருங்கள். நம் சென்னை மாகாணம் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை தந்தது என்று பெருமையாகச் சொல்கிறோம். அதுவும் சொத்து உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை!

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களுக்கு ஒரு விஷயம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க நடையாய் நடக்கிறோம்; வாக்காளர் பட்டியலை மறந்துவிடுகிறோம். பெயர் பிறந்த ஊரிலேயே கிடந்தால் புகுந்த ஊரின் கிராம சபையில் நீங்கள் உறுப்பினர் ஆக முடியாது. தண்ணீர் எடுக்கிறது இங்கே, பேசுகிற உரிமை அங்கே! முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. முதன்முதலாகப் பெயர் சேர்ப்பதற்குப் படிவம் 6. 18 வயதைக் கணக்கிடும் தேதியும் 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்காகிவிட்டது. வீட்டில் 17 வயது முடிந்த பெண் இருந்தால் இப்போதே மனுக் கொடுத்து வைக்கலாம். சந்தேகத்துக்கு 1950 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

பட்டணத்து வாசகிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்கும் 2022-இல் பகுதி சபை என்று ஒன்றை விதிகள் மூலம் கொண்டுவந்தார்கள். ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 ஆகிய நாட்களில் கூட்ட வேண்டும் என்று ஏற்பாடு. கிராம சபை அளவுக்கு இது இன்னும் வேரூன்றவில்லை என்பது என் அபிப்பிராயம். பக்கத்து பிளாட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாத இடத்தில் பகுதியாவது, சபையாவது என்று தோன்றலாம். ஆனாலும் மழைக்கு முன்னால் கால்வாயைத் தூர்வார வேண்டுமென்றால், செப்டம்பர் 15 நல்ல தேதி.

கிராம சபைக்கு ஏழு நாள் முன்பே ஊராட்சி அலுவலகப் பலகையில் இடமும் நேரமும் பேசப்போகும் பொருளும் போட்டு நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பால் வாங்கப் போகிறபோது அப்படியே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒட்டியிருந்தால் நேரத்தைக் குறித்துக்கொண்டு பக்கத்து வீட்டிலும் சொல்லுங்கள். ஒட்டாமல் இருந்தால், ஏன் ஒட்டவில்லை என்று உள்ளே போய்க் கேளுங்கள்.